ஒரு நர்ஸ் போனால் ஒன்பது நர்ஸ் வருவார்களா?

கடல்நாரை:
பக்கத்து இழையில் பனித்துளி எழுதியதைப் படித்த எரிச்சலில்தான் இதைத் தொடங்குகிறேன். "பிலிப்பைன்ஸிலிருந்து ஒரு நர்ஸ் அமெரிக்கா போனால், அதைப் பார்த்து ஒன்பது பேர் புதிதாக நர்ஸ் ஆகிறார்கள், ஏழை நாட்டுக்கு இழப்பே இல்லை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்த ஒன்பது பேர் உரிமம் வாங்கியவர்கள். வார்டில் நிற்பவர்கள் இல்லை. ஒன்பதில் எத்தனை பேர் வார்டில் நின்றார்கள்? இதைச் சொல்லுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம்.

பனித்துளி:
அந்த ஒன்பது பேர் கணக்கு வந்த ஆய்வைப் படிக்காமல் கோபப்படுகிறீர்கள். 2000க்குப் பிறகு அமெரிக்கா வெளிநாட்டு நர்ஸ்களுக்கு விசாவைத் தாராளமாக்கியது. பிலிப்பைன்ஸில் தனியார் கல்லூரிகள் இடங்களைக் கூட்டின. வேறு படிப்பில் இருந்தவர்கள் நர்ஸிங்குக்கு மாறினார்கள், பாதியில் நிற்கக்கூடியவர்கள் படிப்பை முடித்தார்கள். போன ஒவ்வொருவருக்கும் ஒன்பது பேர் கூடுதலாக உரிமம் பெற்றார்கள். உரிமத் தேர்வு எழுதித் தேறியவரை நர்ஸ் என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது?

கடல்நாரை:
வேலை இல்லாதவர் என்று சொல்லலாம். 2006 கடைசியில் அமெரிக்க விசா வரிசை அடைத்துக்கொண்டது. உரிமத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஏராளமானோர் தெருவில் நின்றார்கள். ஆஸ்பத்திரிகள் அவர்களை "தன்னார்வலர்" என்று சம்பளமில்லாமல் வைத்துக்கொண்டன. அனுபவச் சான்றிதழுக்காகச் சில இடங்களில் நர்ஸே ஆஸ்பத்திரிக்குப் பணம் கட்டினார். கல்லூரிகள் காளான் மாதிரி முளைத்ததில் உரிமத் தேர்வில் பாதிப் பேருக்கு மேல் தோற்ற ஆண்டுகளும் உண்டு. உங்கள் ஒன்பது இதுதான்.

ஏழாம்படி:
இரண்டு பேருமே தலையை எண்ணுகிறீர்கள். யார் போகிறார் என்று பாருங்கள். வெளிநாட்டு ஏஜென்சி பெரும்பாலும் புதிதாகப் படித்து முடித்தவரைக் கேட்பதில்லை. ஓரிரு ஆண்டாவது வார்டு அனுபவம் கேட்கிறது; ஐசியு, டயாலிசிஸ், ஆபரேஷன் தியேட்டர் என்றால் முன்னுரிமை. அதனால் போகிறவர் மூத்தவர், வருகிறவர் புதியவர். ஐசியு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். 60 கிலோ நோயாளிக்கு ரத்த அழுத்தத்தை ஏற்றும் நார்அட்ரினலின் மருந்து, கிலோவுக்கு நிமிடத்துக்கு 0.1 மைக்ரோகிராம் என்று டாக்டர் எழுதுகிறார். 50 மில்லியில் 4 மில்லிகிராம் கலந்திருந்தால் மருந்தைச் செலுத்தும் சிரிஞ்ச் பம்ப் மணிக்கு 4.5 மில்லி ஓட வேண்டும். புள்ளியை விட்டு 45 என்று அழுத்தினால் பத்து மடங்கு மருந்து ஏறும். மூத்தவர் பக்கத்தில் இருந்தால் பம்பைப் பார்த்ததுமே பிடித்துவிடுவார். அவர் போய்விட்டால் ஒன்பது பேர் சுற்றி நின்றும் பிடிக்க ஆளில்லை.

கடல்நாரை:
ஏழாம்படி சொன்னதை நான் ஆறு மாதமாகச் சொல்கிறேன். கல்லூரி ஆசிரியர்களும் போகிறார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பனித்துளி இன்னும் பதில் சொல்லவில்லை. ஒன்பதில் எத்தனை பேர் வார்டில்?

பனித்துளி:
ஆறு மாதமாகச் சொல்கிறீர்கள் என்பது சரி. போன மாத இழையில் பணம் அனுப்பும் கட்டணம் பற்றி நான் கேட்டதற்கு இன்றுவரை பதில் சொல்லாமல் ஓடியதும் நீங்கள்தான். ஃபிஜிக்கு வாருங்கள். 1987 ராணுவப் புரட்சிக்குப் பிறகு இந்திய வம்சாவளியினர் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் குடியேற்ற விண்ணப்பத்தில் படித்தவருக்குப் புள்ளி கொடுத்ததால் அவர்களின் பிள்ளைகள் உயர்கல்விக்குப் பாய்ந்தார்கள். போனவர்களைக் கழித்த பிறகும் அந்தச் சமூகத்தில் படித்தவர் எண்ணிக்கை கூடியது. இதில் வார்டும் இல்லை, பம்பும் இல்லை. என்ன செய்யப்போகிறீர்கள்?

கடல்நாரை:
நர்ஸைப் பற்றிக் கேட்டால் ஃபிஜிக்குக் கப்பல் ஏறுகிறீர்கள். கயானா, ஜமைக்கா, ஹெய்ட்டி மூன்றிலும் 2000 கணக்கெடுப்புகளின்படி கல்லூரிப் படிப்பு முடித்தவர்களில் பத்தில் எட்டுப் பேர் வெளிநாட்டில். அங்கே ஏன் ஒன்பது பேர் முளைக்கவில்லை? சின்ன நாட்டில் மருத்துவக் கல்லூரியே ஒன்றிரண்டு. ஆசை எவ்வளவு கூடினாலும் சீட்டு கூடாது. பிலிப்பைன்ஸில் தனியார் கல்லூரி திறக்க ஆள் இருந்தார்கள், கட்டணம் கட்டக் குடும்பங்கள் இருந்தன. அந்த ஒரு நாட்டுக் கணக்கை உலகத்துக்கே ஒட்டாதீர்கள்.

முத்துச்சிப்பி:
பணத்தை ஏன் எல்லோரும் மறந்துவிட்டீர்கள்? நேபாளத்தின் மொத்த உற்பத்தியில் ஏறக்குறைய கால் பங்குக்குச் சமமான பணம் வெளியிலிருந்து வருகிறது. 1997 ஆசிய நெருக்கடியில் பிலிப்பைன்ஸ் பெசோ விழுந்தபோது, டாலருக்கு அதிகப் பெசோ கிடைத்ததால் வெளிநாட்டுப் பணம் வந்த வீடுகளில் பிள்ளைகளின் படிப்பு கூடியது, குழந்தைத் தொழில் குறைந்தது. இது பதிவான உண்மை.

கடல்நாரை:
ஆள் போனால் பணம் வரும் என்பது தானாக நடப்பதில்லை. இலங்கையைப் பாருங்கள். 2020இல் வங்கி வழியாக வந்தது 710 கோடி டாலர். 2022இல் சுமார் 380 கோடி. அந்த 2022இல்தான் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலைக்காக வெளிநாடு போனார்கள். ஆள் கூடியது, பணம் பாதியானது.

முத்துச்சிப்பி:
இதில் தப்பாகப் பேசுகிறீர்கள். பணம் பாதியாகவில்லை, பாதை மாறியது. டாலருக்கு 200 ரூபாய் சுற்றி மத்திய வங்கி விலையைப் பிடித்து வைத்திருந்தது. உண்டியல்காரர், அதாவது வங்கிக்கு வெளியே பணம் மாற்றித் தருபவர், அதைவிட நல்ல விலை கொடுத்தார். அங்கே அவர் கையில் டாலர், இங்கே வீட்டு வாசலில் ரூபாய். குடும்பத்துக்கு முழுசாகக் கிடைத்தது. 2022 மார்ச்சில் பிடியை விட்டார்கள், 2023இல் வங்கிக்கு 600 கோடியை நெருங்கி வந்துவிட்டது.

கடல்நாரை:
குடும்பத்துக்குக் கிடைத்தது. நாட்டுக்கு? உண்டியலில் போன டாலர் உள்ளே வரவே இல்லை. எரிபொருள் கப்பலுக்குக் கட்ட டாலர் இல்லை, ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை. தலைப்பு நாட்டைப் பற்றியது, வீட்டைப் பற்றியது அல்ல.

ஏழாம்படி:
விலையைப் பிடித்து வைத்தது அரசாங்கம். பழியைப் புலம்பெயர்ந்தவர் தலையில் போடுகிறீர்களே?

கடல்நாரை:
எங்கே போட்டேன்? வரியை எடுத்துக் காட்டுங்கள். போகிறவரைத் தடுக்க வேண்டும் என்றும் நான் எங்கும் எழுதவில்லை. வெளிநாட்டிலிருந்து சுகாதார ஊழியரை எடுப்பதற்கு உலக சுகாதார நிறுவனம் 2010இல் நெறிமுறை கொண்டுவந்தது. 2023இல் சுகாதார ஊழியர் பற்றாக்குறையுள்ள 55 நாடுகளைப் பட்டியலிட்டு, அங்கே வலியப் போய் ஆள் எடுக்காதீர்கள் என்றது. ஆள் எடுக்கும் நாடு பயிற்சிச் செலவைக் கொடுக்கட்டும் என்கிறேன்.

பனித்துளி:
அந்தப் பட்டியல் யாரையும் கட்டுப்படுத்தாது. தானாக விண்ணப்பித்தால் தாராளமாக எடுக்கலாம். சம்பளம்தான் மருந்து. ஆப்பிரிக்காவின் மலாவியில் 2004இல் சுகாதார ஊழியர் சம்பளத்தை 52 சதவீதம் கூட்டினார்கள், நர்ஸ்கள் வெளியேறுவது குறைந்தது. ஏன் அதைச் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள்?

கடல்நாரை:
சொல்கிறேன். அந்தக் கூடுதல் சம்பளத்தைக் கொடுத்தது பிரிட்டன் உள்ளிட்ட கொடையாளிகள். அதே பிரிட்டன்தான் நர்ஸ்களை எடுத்துக்கொண்டும் இருந்தது. ஒன்பதில் எத்தனை பேர் வார்டில் என்று மூன்றாவது தடவையாகக் கேட்கிறேன்.

பனித்துளி:
நாற்பது தடவை கேளுங்கள். உரிமம் பெற்றவர் எண்ணிக்கைதான் அந்த ஆய்வின் கேள்வி. உங்கள் கேள்விக்கு நீங்கள் ஆய்வு செய்யுங்கள்.

முத்துச்சிப்பி:
200 டாலர் அனுப்பினால் உலகச் சராசரியாக 6 சதவீதத்துக்கு மேல் கட்டணம் போகிறது. 2030க்குள் 3க்குக் கீழ் இறக்குவோம் என்று ஐ.நா. இலக்கு வைத்தது. அதைப் பேச ஒருவரும் இல்லை.

கடல்நாரை:
அதற்குத் தனி இழை திறங்கள், வருகிறேன். 3 சதவீதம் ஆனாலும் உண்டியல்காரர் விலை நல்லதாக இருந்தால் பணம் அவரிடம்தான் போகும்.

முத்துச்சிப்பி:
அதைத்தானே நான் மேலே எழுதினேன்! என் வாதத்தை எனக்கே திருப்பிச் சொல்லி ஜெயித்ததாகக் கணக்கு எழுதாதீர்கள்.