ஜாப்ரூடர் படம்: 313-வது பிரேமில் தலை எந்தப் பக்கம் போகிறது?

தராசு:
"ஜாப்ரூடர் படம் ஒன்றே போதும், கென்னடியை முன்னாலிருந்துதான் சுட்டார்கள், கண் உள்ளவனுக்குத் தெரியும்" என்று நேற்று செங்கதிர் எழுதியிருந்தார். கண் எனக்கும் இருக்கிறது சார். 1963-ல் டல்லஸில் அமெரிக்க அதிபர் கென்னடி காரில் போகும்போது சுடப்பட்டதை, வேடிக்கை பார்த்த ஜாப்ரூடர் தன் கேமராவில் பிடித்த படம் அது. அதில் 312-வது பிரேமையும் 313-வது பிரேமையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். தலை முதலில் முன்னோக்கி நகர்கிறது. பின்னால் சாய்வது அதற்கு அப்புறம்தான். அப்படியானால் குண்டு பின்னாலிருந்து, ஆஸ்வால்ட் சுட்டதாகச் சொல்லப்படும் பள்ளிப் புத்தகக் கிடங்கின் ஆறாவது மாடியிலிருந்து வந்தது.

செங்கதிர்:
நொடிக்குச் சுமார் 18 பிரேம் ஓடிய கேமரா. அதில் ஒரே ஒரு பிரேமில் தெரியும் இம்மி நகர்வு உங்களுக்கு வேதவாக்கு. அதன்பின் உடம்பே பின்னாலும் இடப்பக்கமும் தூக்கியடிப்பது மட்டும் கண்ணில் படவில்லை. நல்ல கண்!

தராசு:
குண்டு பட்ட கணம் 313. அந்தக் கணத்தில் தலை முன்னால் போகிறது. அப்புறம் நடப்பதற்கு வேறு காரணங்கள் உண்டு. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் லூயிஸ் ஆல்வாரெஸ் டேப் சுற்றிய முலாம்பழங்களைச் சுட்டுப் பார்த்தார். பழம் துப்பாக்கியை நோக்கியே திரும்பி வந்தது. 1976-ல் கட்டுரையாகவே வெளியிட்டார்.

செங்கதிர்:
முலாம்பழத்துக்குக் கழுத்து உண்டா சார்?

வழிப்போக்கன்:
ஒரு சந்தேகம். 'முன்னால்' என்று எதைச் சொல்கிறீர்கள்? காருக்கு முன்னாலா, அவர் முகத்துக்கு முன்னாலா? இன்னொருவன் சுட்டதாகச் சொல்லப்படும் புல்மேடு காருக்கு வலப்பக்கம் அல்லவா இருக்கிறது?

செங்கதிர்:
தராசு மறைப்பதை நான் சொல்கிறேன். அந்த முன்னோக்கிய நகர்வை 1960-களில் அளந்து சொன்னவர் இந்தக் கொலையை ஆராய்ந்து புத்தகம் எழுதிய ஜோசையா தாம்ப்சன். 313-வது பிரேம் கேமரா ஆட்டத்தால் மங்கியது, நகர்வு போலத் தெரிந்தது அந்த மங்கல்தான் என்று பின்னாளில் அவரே சொல்லிவிட்டார். அளந்தவரே கைவிட்டதை நீங்கள் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

தராசு:
அவர் கைவிட்டால் தலை நகராமல் போய்விடுமா? 312-ல் ஓர் இடம், 313-ல் ஓர் இடம். முன்னால். எத்தனை தடவை சொல்வது?

நிழல்வேட்டை:
இரண்டு பேரும் ஏமாளிகள். படமே வெட்டி ஒட்டியது. 'லைஃப்' பத்திரிகை 1,50,000 டாலருக்கு வாங்கிப் பூட்டி வைத்தது. 1975 வரை தேசியத் தொலைக்காட்சியில் காட்டவில்லை. ஏன்?

செங்கதிர்:
நீங்கள் கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்கள். படம் போலி என்றால் தலை பின்னால் போவதும் போலியாகிவிடும். போலி செய்தவன் அதை ஏன் விட்டுவைத்தான்? உங்களை மாதிரி ஆட்களால்தான் எங்கள் பேச்சை யாரும் மதிப்பதில்லை.

நிழல்வேட்டை:
'எங்கள்' பேச்சா? படத்தில் காரைச் சற்று நேரம் மறைக்கும் சாலைப் பலகை பற்றிப் போன மாதம் நான் எழுதியதை அப்படியே எடுத்து உங்கள் பெயரில் போட்டவர்தானே நீங்கள்?

தராசு:
கோடாக் நிறுவனத்தில் இருந்த ரோலண்ட் ஜவாடா அசல் சுருளைச் சோதித்து 1998-ல் அறிக்கை கொடுத்தார். சுருள் அசல்தான். பூட்டி வைத்தார்களாம்! 1969-ல் கென்னடி கொலைச் சதியில் வணிகர் கிளே ஷா மீது நடந்த வழக்கில், நியூ ஆர்லியன்ஸ் நீதிமன்றத்தில் ஜூரிக்குத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டினார்கள். பார்த்த ஜூரி ஒரு மணி நேரத்துக்குள் கிளே ஷாவை விடுதலை செய்தது.

செங்கதிர்:
ஷாவுக்குத் தொடர்பில்லை என்றார்கள். சுட்டது எங்கிருந்து என்றா சொன்னார்கள்? கொலையை விசாரித்த அரசின் வாரன் ஆணையம் வெளியிட்ட தொகுதியில் 314, 315 பிரேம்கள் இரண்டையும் வரிசை மாற்றி அச்சிட்டார்களே, அதற்கு என்ன பதில்? மாற்றினால் தலை முன்னால் போவது போலத் தெரியும். எவ்வளவு வசதி!

தராசு:
அச்சுப்பிழை என்று 1965-லேயே எஃப்.பி.ஐ. தலைவர் ஹூவர் எழுதிவிட்டார்.

செங்கதிர்:
ஹூவர் சொன்னால் சரியா? இதற்குத்தான் உங்களோடு பேசக்கூடாது என்று இருந்தேன்.

தராசு:
பேசாமல் இருந்திருக்கலாமே. நான் கேட்டது 314 பற்றி இல்லை, 313 பற்றி. தலை முன்னால் நகர்ந்ததா இல்லையா?

செங்கதிர்:
பின்னால். இடப்பக்கம்.

வழிப்போக்கன்:
என் கேள்விக்கு யாராவது…

நிழல்வேட்டை:
சாலைப் பலகைக்கு முதலில் பதில் சொல்லுங்கள் செங்கதிர்.

தராசு:
312. 313. மறுபடியும் பாருங்கள்.