மறு: ‘ஸ்வைப்’ என்பதற்குத் தமிழ்: தேய்? தள்ளு? வழி? நீவு?

மதுரையிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம்.

புதிதாகப் போன் பழகுபவர்களுக்கு நாம் எழுதிவரும் ‘திறன்பேசி முதற்பாடம்’ கையேடு இரண்டாம் பக்கத்திலேயே நிற்கிறது. தொடுதிரை, தட்டு, இருமுறை தட்டு ஆகியவற்றில் யாருக்கும் மறுப்பு இல்லை. ‘ஸ்வைப்’, அதாவது திரைமேல் விரலை ஒரு பக்கமாக நகர்த்துவது, வரும் இடத்தில் மட்டும் நான்கு பேர் நான்கு சொல் எழுதியிருக்கிறீர்கள்: தேய், தள்ளு, இழு, வருடு. நான்கையும் அப்படியே அச்சிட்டால், முதன்முதலாகப் போனைக் கையில் எடுப்பவர் இவை நான்கு தனித்தனி வேலைகள் என்று நினைத்துக்கொள்வார்.

‘வருடு’வை நானே எடுத்துவிடுகிறேன். வருடி என்றால் ஸ்கேனர் என்று நிலைத்துவிட்டது. ஏழாம் பக்கத்தில் கடையில் ஒட்டியிருக்கும் கியூஆர் குறியை வருடச் சொல்கிறோம். ‘இழு’வும் ஏற்கெனவே ஐகானை இழுத்து விடுவதற்குப் போய்விட்டது.

என் முன்மொழிவு ‘தேய்’. மக்கள் வாயில் புழங்கும் சொல். பட்டன் போன், தேய்க்கிற போன் என்றுதான் ஊர்ப்பக்கம் பிரித்துச் சொல்கிறார்கள். கடையில் கார்டையும் தேய்க்கத்தான் செய்கிறோம். புதிதாக எதையும் புகுத்த வேண்டியதில்லை.

கோவையிலிருந்து:

> என் முன்மொழிவு ‘தேய்’.

வேண்டாங்க ஐயா. ‘தேய்’ என்று கேட்டதும் கை என்ன செய்யும் என்று பாருங்க. பாத்திரம் தேய்ப்பது, எண்ணெய் தேய்ப்பது, துணி தேய்ப்பது எல்லாமே அழுத்தி, போய் வந்து, பல தடவை செய்கிற வேலை. வகுப்பில் ‘மேலே தேய்ங்க’ என்றால் விரல் மேலேயும் போகும், கீழேயும் வரும். மேலே போனபோது வந்த பக்கம், விரல் கீழே வந்ததும் உள்ளே போய்விடும். ‘ஒண்ணுமே ஆகலையே’ என்பார்கள். ஆனதும் போனதும் அரை நொடிக்குள் முடிந்திருக்கும்.

இதே சிக்கல் மூன்றாம் பக்கத்தில் ‘லாங் பிரஸ்’ஸுக்கு எழுதியிருக்கும் ‘அழுத்திப் பிடி’யிலும் இருக்குங்க. இன்றைய போன் திரைக்கு அழுத்தம் தேவையே இல்லை. கண்ணாடிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத மின்கடத்திக் கட்டம் இருக்கிறது. விரல் பட்டால் அந்த இடத்தின் மின்தேக்கம் மாறும், அதைத்தான் போன் உணர்கிறது. நகத்தாலோ பேனா மூடியாலோ தொட்டால் ஒன்றும் நடக்காததற்கும் இதுதான் காரணம். 2008இல் வந்த நோக்கியா 5800 போன்ற பழைய திரைகளில் இரண்டு படலங்கள் ஒன்றோடொன்று முட்ட வேண்டும், அதற்கு அழுத்தம் வேண்டியிருந்தது. 2015இல் ஐபோன் 6எஸ் அழுத்தத்தை அளந்தது. 2019இல் ஐபோன் 11 வந்தபோது அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். திரை மாறிவிட்டது, ‘அழுத்து’ என்ற சொல் மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது.

அழுத்தினால் வீண் மட்டுமில்லை, கெடுதலும் உண்டு. விரல்நுனி நசுங்கிப் பரவும், தொட்ட புள்ளி நகரும். போன் அதை நகர்வு என்று எடுத்துக்கொள்ளும். வயதானவர்கள் பலமாக அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு ‘என் விரலுக்கு வேலை செய்யாது’ என்று போனைக் கீழே வைப்பதில் பாதிக்கு இந்தச் சொல்தான் காரணம் என்பேன். மீதிக்கு வறண்ட விரலும் தடித்த டெம்பர் கிளாஸும். சாம்சங்கில் டிஸ்ப்ளே அமைப்பில் தொடு உணர்திறனைக் கூட்டிவிட்டால் அதுவும் ஓரளவு சரியாகும்.

ஆகவே ‘லாங் பிரஸ்’ஸுக்கு ‘விரலை ஊன்று’. ‘ஸ்வைப்’புக்கு ‘தள்ளு’. மேலே தள்ளுங்க, இடதுபக்கம் தள்ளுங்க என்றால் யாருக்கும் புரியும்.

சென்னையிலிருந்து:

செயலிகளின் திரைச் சொற்களைத் தமிழாக்கும் வேலையிலிருந்து இரண்டு செய்திகள்.

முதலில், போன் இந்தச் செயல்களை எப்படிப் பிரிக்கிறது என்பது. கூகுள் வெளியிடும் அடிப்படை ஆண்ட்ராய்டில் இதற்கு இரண்டு அளவுகள். ஒன்று தூரம், 8 டிபி (திரையில் நீளத்தை அளக்கும் அலகு). ஓர் அங்குலத்தில் 160 டிபி, ஆகவே இது சுமார் ஒன்றேகால் மில்லிமீட்டர். மற்றது நேரம், 400 மில்லிநொடி. விரல் பட்டு, அந்த நேரத்துக்குள் அந்தத் தூரத்தைத் தாண்டினால் அது ஸ்வைப் அல்லது ஸ்க்ரோல். தாண்டாமல் எடுத்தால் தட்டு. தாண்டாமல் 400 மில்லிநொடி கடந்துவிட்டால் லாங் பிரஸ். அதற்குப் பிறகு விரல் நகர்ந்தால் அடியில் இருக்கும் ஐகானும் கூடவே வரும்.

‘வாட்ஸ்அப் காணாமல் போச்சு’ என்ற புகார் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது. பக்கத்தைத் திருப்ப வேண்டும். விரலை ஐகான்மேல் வைத்து, எந்தப் பக்கம் என்று அரை நொடி யோசித்து, பிறகு நகர்த்துகிறார். அதற்குள் ஐகான் திரையிலிருந்து கழன்றுவிடுகிறது. மேலே ‘அகற்று’ என்ற பட்டையில் போய் விழுகிறது. செயலி அழியவில்லை, முகப்பிலிருந்த ஐகான்தான் போயிற்று. முகப்பின் வெற்றிடத்தில் தொடங்கி விரலை மேலே நகர்த்தினால் எல்லாச் செயலிகளும் வரும், அங்கிருந்து மறுபடி இழுத்து வைக்கலாம். ஆனால் பக்கத்திலேயே இருக்கும் ‘நிறுவல் நீக்கு’ பட்டையில் விட்டு, கேள்விக்குச் சரி என்றும் சொல்லிவிட்டால் செயலியே போய்விடும்.

அதனால் நம் சொல்லில் ‘தொட்டதும் நகர்த்து, நிற்காதே’ என்ற குணம் இருக்க வேண்டும். ‘தள்ளு’வில் அது இல்லை. கதவைத் தள்ளுவதானாலும் வண்டியைத் தள்ளுவதானாலும் முதலில் கை ஊன்றி நின்று, பலம் கொடுத்துத்தான் தள்ளுவோம்.

இரண்டாவது இன்னும் மோசம். சில போன்களில் அழைப்பு வந்தால் பச்சை வட்டத்தை மேலே நகர்த்தி எடுக்க வேண்டும். அங்கே ‘அழைப்பை மேலே தள்ளு’ என்று எழுதினால் எடுக்கச் சொல்கிறோமா, ஒதுக்கச் சொல்கிறோமா? மனுவைத் தள்ளினார்கள் என்றால் என்ன பொருள் என்று ஊருக்கே தெரியும்.

என் சொல் ‘வழி’. நெற்றி வியர்வையை ஆள்காட்டி விரலால் வழித்து உதறுகிறோமே, அந்த அசைவைப் பாருங்கள். ஒரே விரல், ஒரே திசை, தொட்டதும் கிளம்பி, போகிற போக்கிலேயே மேலெழுந்துவிடும். திரும்பி வருவதில்லை. ஸ்வைப் என்பது அதேதான்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

வணக்கம். எங்கட பக்கம் இதுக்கு ‘அரக்கு’ எண்டு ஒரு நல்ல சொல் இருக்கு. ‘கொஞ்சம் அரக்கி இருங்கோ’ எண்டால் தள்ளி இருங்கோ எண்டு அர்த்தம். ஆனால் தமிழ்நாட்டில் அச்சிடுற புத்தகத்தில் போட்டால் முத்திரை வைக்கிற அரக்கு எண்டு வாசிப்பினம் எண்டதால நான் வற்புறுத்தேல்லை.

‘வழி’ அசைவுக்கு நல்லாப் பொருந்துது, ஆனால் இலக்கணத்தில் இடிக்கும். மரியாதையாக ஏவிப் பாருங்கோ: ‘வழியுங்கள்’. பாத்திரம் நிரம்பி வழியிறதுக்கும் அதே வடிவம்தான். ‘வலப்பக்கம் வழி’ எண்டு பொத்தானில் எழுதினால் வலப்பக்கம் பாதை எண்டு விளங்கும். எழுத்திலேயே இந்தப் பாடு, காதால கேட்டால் வலி, வளி, வழி மூண்டும் பலருக்கு ஒண்டுதான்.

‘ஊன்று’வும் யோசிக்க வேணும், கோவை அண்ணை. கம்பை ஊன்றினாலும் காலை ஊன்றினாலும் பாரம் இறங்குது. அழுத்து எண்ட சொல்லை வெளியில அனுப்பிப்போட்டு அவற்றை தம்பியைக் கூட்டி வந்த மாதிரி. ‘விரலை வைத்திரு’ போதாதோ? அதில் நேரம் இருக்கு, பாரம் இல்லை.

புதுச்சேரியிலிருந்து:

பார்வையற்றோருக்குத் திறன்பேசி கற்பிக்கும் இடத்திலிருந்து ஒரு குறுக்கீடு.

தள்ளு, இழு இரண்டும் திரையில் ஏதோ ஒரு பொருள் நகர்கிறது என்று வைத்துக்கொண்டு பிறந்த சொற்கள். திரையில் இருப்பதைக் குரலில் வாசிக்கும் ஆண்ட்ராய்டு வசதியான டாக்பேக் இயங்கும்போது எதுவும் நகர்வதில்லை. ஒரு விரலால் வலப்பக்கம் ஸ்வைப் செய்தால் அடுத்த உருப்படிக்குப் போய் அதன் பெயரை வாசிக்கும், இடப்பக்கம் செய்தால் முந்தையதற்குப் போகும். திறக்க இருமுறை தட்ட வேண்டும். பட்டியலை நகர்த்த இரண்டு விரல். ‘தள்ளுங்கள்’ என்றால் எதை என்று கேட்பார்கள், சொல்வதற்கு நம்மிடம் ஒன்றும் இருக்காது. ஆகவே சொல் விரலின் அசைவைச் சொல்ல வேண்டும், திரையில் விளையும் பயனை அல்ல.

‘நீவு’ என்பதைப் பார்க்கலாமா? சுளுக்குக்கு நீவுவது ஒரே திசையில்தான், மாற்றி நீவினால் வைத்தியர் திட்டுவார். நீவு, நீவவும், நீவுங்கள், நீவல் என்று எந்த வடிவமும் வேறொரு சொல்லோடு மோதவில்லை. குரல்பொறி படித்தாலும் குழப்பம் இல்லை.

கோவையிலிருந்து:

சொல் அழகா இருக்குங்க. ஒரே ஒரு சந்தேகம். நீவுவது மெதுவாகச் செய்கிற வேலை. டாக்பேக்கில் விரல் மெதுவாகப் போனால் ஸ்வைப் என்றே எடுக்காதே, விரலுக்கு அடியில் இருப்பதை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு போகுமே?

புதுச்சேரியிலிருந்து:

உண்மைதான். அந்தப் பயன்முறையில் வேகம் கட்டாயம், ‘சட்டென நீவவும்’ என்று எழுத வேண்டியிருக்கும். சாதாரணப் பயன்முறையில் மெதுவாக நீவினாலும் பெரும்பாலும் பாதகமில்லை. சென்னை நண்பர் சொன்னபடி, கிளம்புவதற்கு முன் நிற்பதுதான் கெடுதல். நீவும்போது கை நிற்பதில்லை.

சென்னையிலிருந்து:

ஏற்கிறேன். ‘வழி’யைச் சொல்லாக விட்டுவிடலாம், விளக்கத்தில் வியர்வை இருக்கட்டும்.

எந்தச் சொல்லானாலும் எங்கிருந்து தொடங்குவது என்பதைச் சேர்த்தே எழுத வேண்டும். 2017இல் ஐபோன் எக்ஸ் முகப்புப் பொத்தானை எடுத்தது. 2019இல் ஆண்ட்ராய்டு 10 பின்செல்லும் பொத்தானுக்குப் பதிலாக ஓரத்திலிருந்து நீவும் முறையைக் கொண்டுவந்தது. அன்றிலிருந்து ஓரத்தில் தொடங்கும் நீவல் போனுக்கு, நடுவில் தொடங்கும் நீவல் செயலிக்கு என்று ஆகிவிட்டது. படங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கும்போது விரலைக் கண்ணாடியின் விளிம்பிலேயே வைத்துத் தொடங்கினால் அடுத்த படம் வராது, படத்தை விட்டே வெளியே வந்துவிடும். கீழ்விளிம்பிலிருந்து மேலே நீவி எடுத்தால் முகப்பு. மேலே நீவி விரலை எடுக்காமல் நிறுத்தினால் திறந்திருக்கும் செயலிகள் வரிசையாக வரும். ஓரத்தில் தடித்த உறை போட்ட போன்களில் விளிம்பைத் தொடவே விரல் எட்டாது, அதையும் ஒரு வரி எழுதுங்கள்.

மதுரையிலிருந்து:

‘தேய்’க்கு நான் வாதாடப் போவதில்லை, பேச்சில் அது பாட்டுக்கு இருக்கும். ‘ஸ்வைப்’ இனி நீவு. ‘லாங் பிரஸ்’ இனி விரலை வைத்திரு. யாழ்ப்பாணப் பதிப்பில் ‘தள்ளு’வே வேண்டுமென்றால் அடைப்புக்குறியில் போட்டுக்கொள்ளலாம், ஆனால் அழைப்பு எடுக்கும் பக்கத்தில் மட்டும் வேண்டாம்.

இரண்டாம் பக்கத்துக்கு இப்போது எழுதியிருப்பது இது:

“நீவு: நெற்றி வியர்வையை விரலால் வழிப்பதுபோல, திரையைத் தொட்டதும் நிற்காமல் ஒரே திசையில் விரலை நகர்த்தி எடுத்துவிடவும். அழுத்த வேண்டாம். திரும்பி வர வேண்டாம். படங்களைத் திருப்ப, விளிம்பிலிருந்து ஒரு விரலகலம் உள்ளே தள்ளித் தொடங்கவும். திரும்பிச் செல்ல, இட அல்லது வல விளிம்பிலிருந்து உள்நோக்கி நீவவும். ஐகான் விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தால், விரலை எடுக்காமல் அது இருந்த இடத்துக்கே கொண்டுபோய் விடவும்.”

பயிற்றுநர் குறிப்பில் இரண்டு சேர்க்கிறேன். ஓர நீவல் ஒரு வாரமாகியும் கைவராதவர்களுக்கு அமைப்புகளில் மூன்று பொத்தான் முறைக்கு மாற்றிக் கொடுத்துவிடுங்கள். அது பல ஆண்ட்ராய்டு போன்களில் சிஸ்டம் பகுதியில் சைகைகள் என்பதற்குள்ளும், சாம்சங்கில் டிஸ்ப்ளே பகுதியில் நேவிகேஷன் பார் என்பதற்குள்ளும் இருக்கும். விரல் நடுங்குபவர்களுக்கும் யோசித்து நகர்த்துபவர்களுக்கும் அணுகல்தன்மைப் பகுதியில் தொட்டுப் பிடிக்கும் நேரத்தை நீண்டது என்று வைத்தால் 400 மில்லிநொடி ஒன்றரை நொடியாகும், ஐகான் கழலாது.

அடுத்து நான்காம் பக்கம், ‘பிஞ்ச்’. தயவுசெய்து ‘கிள்ளு’ என்று யாரும் எழுதி அனுப்ப வேண்டாம். படத்தைப் பெரிதாக்க இரண்டு விரலையும் விரிக்கத்தான் வேண்டும், சிறிதாக்கத்தான் குவிக்க வேண்டும். விரி, குவி என்று இரண்டு சொல்லாகவே வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள்.