மாண்டலே போய்வந்த தம்பி வீட்டுக்குள் படுக்க மாட்டேன் என்கிறான்

ரங்கூன் அக்கா:
என் தம்பிக்கு 27 வயது. இங்கே ரங்கூனில் ஒரு பரஹித (பிறருக்கு உதவும் தொண்டு) அமைப்பில் சம்பளமில்லாமல் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறான். 2025 மார்ச் 28 மதியம் மியான்மரில் 7.7 அளவில் நிலநடுக்கம் வந்தது. அன்று ராத்திரியே வண்டியோடு மாண்டலேக்குக் கிளம்பிவிட்டான். பதினாறு நாள் இடிபாடுகளில். முதல் மூன்று நாள் சிலரை உயிரோடு எடுத்தார்களாம். அப்புறம் அந்த 40 டிகிரி வெயிலில் எடுத்ததெல்லாம் உடல்கள்தான். இவ்வளவுதான் சொன்னான், அதுவும் அம்மாவிடம்.

திரும்பி ஆறு வாரம் ஆகிறது. கூரைக்குக் கீழே படுக்காமல் வாசலில் பாய் போடுகிறான். மீன் வாசம் வந்தால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுகிறான். போன் அடித்தால் மட்டும் வண்டிக்கு ஓடுகிறான். அம்மா காளி கோயிலில் மந்திரித்துக் கயிறு கட்டினார். "மனசில் இருப்பதைக் கொட்டிவிடுடா" என்று நான் தினமும் கேட்கிறேன். கோபம்தான் வருகிறது அவனுக்கு. எப்படிப் பேச வைப்பது?

படகுக்காரர்:
தங்கச்சி, 2008 மே மாதம் நர்கிஸ் புயலில் இறந்தவர்கள், காணாமற்போனவர்கள் சேர்த்துச் சுமார் 1,38,000 பேர். நான் ஐராவதி டெல்டாவில் லபுட்டா பக்கம் படகில் அரிசி கொண்டுபோனேன். மிதந்தவர்களை விலக்கி விலக்கித்தான் படகு போனது. அப்புறம் இரண்டு வருஷம் ஆற்றுமீனைத் தொடவில்லை. வீட்டில் கேட்டபோதெல்லாம் வாய் அடைத்துக்கொண்டது. என்னைத் தேற்றியவன் அதே படகில் துடுப்புப் போட்டவன். டீக்கடையில் மணிக்கணக்காகச் சும்மா உட்கார்ந்திருப்போம். அவனுக்கு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. உங்கள் தம்பியோடு வண்டியில் போனவர் யார்? அவரை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுங்கள்.

ஓய்வுபெற்ற நர்ஸ்:
அண்ணன் சொல்வது சரி. நடந்ததையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லவைப்பது பலன் தராது என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. கேட்பதை நிறுத்துங்கள், பக்கத்தில் இருங்கள். ஆனால் ஒன்று. முதல் சில வாரம் இப்படி இருப்பது இயல்பு, பலருக்குத் தானாகவே அடங்கிவிடும். ஒரு மாதம் தாண்டியும் தூக்கம், சாப்பாடு, பயம் சரியாகவில்லை என்றால் மனநல மருத்துவரிடம் காட்டத்தான் வேண்டும். உங்கள் தம்பிக்கு ஆறு வாரம். தள்ளிப்போடாதீர்கள். மருந்துக்கடையில் நீங்களாகத் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட வேண்டாம். குடி ஆரம்பித்திருக்கிறதா என்றும் பாருங்கள். கயிறு கையில் இருக்கட்டும், அது அம்மாவுக்குத் தெம்பு.

இன்னொன்று. ராத்திரி அழைப்பும் பிணம் ஏற்றும் வேலையும் அவனுக்குக் கொஞ்ச நாள் வேண்டாம் என்று அமைப்பில் யாராவது சொல்ல வேண்டும். அவனாகக் கேட்க மாட்டான். இந்தப் பிள்ளைகள் யாருமே கேட்க மாட்டார்கள். நாற்பது பேருக்குக் கட்டுப் போட்டுவிட்டு, தன் கையில் கண்ணாடி கிழித்த காயத்தைக் காட்டாதவர்களை வார்டில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ரங்கூன் அக்கா:
அவனோடு போன பையன் நேற்று வந்தான். இரண்டு பேரும் வாசலில் உட்கார்ந்து வெறும் பருப்பும் சோறும் சாப்பிட்டார்கள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. டாக்டரிடம் அந்தப் பையனும் கூட வருகிறானாம், அவனுக்கும் தூக்கம் இல்லையாம். நாளைக் காலையில் அமைப்பின் தலைவரை நானே போய்ப் பார்க்கிறேன்.