24 ரன் விட்ட பிட்சருக்கு இ.ஆர்.ஏ. 15.75 எப்படி?

கொழிஞ்சாம்பாறை: வாயனசாலை (நூலகம்) குவிஸுக்கு ஒரு பேஸ்பால் கேள்வி தயார் பண்ணுறோம். அலாய்சியஸ் ட்ராவர்ஸ், டெட்ராய்ட் டைகர்ஸ் டீமோட பிட்சர் (பந்து வீசுறவர்), 1912 மே 18. ஆடினதே அந்த ஒரு ஆட்டம்தான். 8 இன்னிங்ஸ், 24 ரன். இ.ஆர்.ஏ.ன்னா 9 இன்னிங்ஸுக்கு பிட்சர் விட்ட ரன் சராசரி; 24ஐ 9ஆல் பெருக்கி 8ஆல் வகுத்தா 27 வரணும். பதிவுல 15.75. போதாததுக்கு 'முழு ஆட்டம் வீசினார்'னு வேற இருக்கு. மீதி ஒரு இன்னிங்ஸ் எங்கே?

ஸ்கோர்ஷீட்: பெருக்கினது சரி, எடுத்த எண் தப்பு. இ.ஆர்.ஏ.வுக்கு மொத்த ரன் எடுக்கக் கூடாது. பிட்சர் கணக்கில் ஏறும் ரன் மட்டும்தான். அவருக்கு அது 14. 14 × 9 ÷ 8 = 15.75. மீதி 10 ரன் ஃபீல்டர்கள் தலையில்.

எப்படிப் பிரிக்கிறதுன்னா, எரரும் (ஃபீல்டர் தப்பு) பாஸ்டு பாலும் (பேட்டருக்குப் பின்னால நிக்கிற கேட்சர் கோட்டை விட்ட பந்து) நடக்கலைன்னு வச்சு இன்னிங்ஸைத் திரும்ப ஓட்டிப் பாக்கணும். ரெண்டு பேர் அவுட். அடுத்தவர் அடிச்ச உருட்டுப் பந்தை ஷார்ட்ஸ்டாப் இடத்து ஃபீல்டர் கோட்டை விட்டார். அதுக்கடுத்த ஆள் ஹோம் ரன். ரெண்டு ரன்னுமே பிட்சருக்கு ஏறாது, ஏன்னா மூணாவது அவுட்டோட இன்னிங்ஸ் அங்கேயே முடிஞ்சிருக்கணும். கிரிக்கெட் பழக்கத்துல இதை பௌலர் கணக்குல எழுதிடுவாங்க. வைல்ட் பிட்சை (கேட்சருக்கு எட்டாம பிட்சர் வீசின பந்து) மட்டும் எரரோட சேத்துடாதீங்க. அது பிட்சர் தப்பு, ரன் அவருக்குத்தான்.

ஒன்பதாவது இன்னிங்ஸ்: எதிரணி பிலடெல்பியா அத்லெடிக்ஸ் சொந்த மைதானத்துல 24-2ன்னு முன்னால நிக்குது. அவங்க பேட் பண்ண வேண்டிய கடைசிப் பாதியை ஆட வேண்டியதே இல்ல. அதனால வெளியூர் பிட்சர் 8 வீசினாலும் முழு ஆட்டம்தான்.

வேலந்தாவளம்: 10 ரன் ஏன் அப்படிப் போச்சுன்னா, அன்னைக்கு இறங்கினது டைகர்ஸே இல்ல. மே 15 நியூயார்க்குல, வசை பாடின ரசிகர் ஒருத்தரை டைகர்ஸ் ஆட்டக்காரர் டை காப் ஏறிப் போய் அடிச்சார். லீக் தலைவர் பான் ஜான்சன் அவரை சஸ்பெண்ட் பண்ண, மத்தவங்க ஸ்டிரைக். ஆள் இறக்கலைன்னா ஆட்டத்துக்கு 5,000 டாலர் அபராதம். மேனேஜர் ஹ்யூ ஜென்னிங்ஸ் உள்ளூர்ல கிடைச்சவங்களைத் திரட்டினார். கோச் டீக்கன் மக்வைருக்கு 48 வயசு, அவரும் கேட்சர் பக்கம் ஆள் தேவைன்னு இறங்கினார்! ட்ராவர்ஸ் காலேஜ் டீமுக்குத் துணை மேனேஜர், ஆட்டக்காரரே இல்ல. அதுல 26 ஹிட் வாங்கியும் கடைசி வரை நின்னார்னா பெரிய விஷயம். பிறகு இயேசு சபைக் குருவானார்.

கொழிஞ்சாம்பாறை: நன்றி. 'ஒரே ஆட்டம் ஆடிய வீரர் யார்?'னு கேக்கலாமா?

ஸ்கோர்ஷீட்: வேண்டாம், சண்டை வரும். அன்னைக்கு வந்த எட் இர்வினும் அந்த ஒரு ஆட்டத்தோட சரி. மூணு தடவையில ரெண்டு ட்ரிபிள் (மூணாவது பேஸ் வரை ஓட வச்ச ஹிட்), சராசரி 0.667. அதே ஆட்டத்துல இறங்கின பில்லி மஹார்க் 1916ல பிலடெல்பியா பில்லீஸுக்கு இன்னொன்னு ஆடிட்டார், அவரைச் சொன்னா தப்பு. 'ஒரே ஆட்டத்தில் 24 ரன் விட்ட அமெரிக்கன் லீக் பிட்சர்'னு கேளுங்க. இ.ஆர்.ஏ.வைக் கேள்வியில வைக்காதீங்க. அமெரிக்கன் லீக் அதை அதிகாரபூர்வமா எடுத்துக்கிட்டதே 1913லதான்.