புதுப்பிப்பு: கனால் து மிடியில் லாக் ஏறும்போது கயிறு பிடிப்பது

தெற்கு பிரான்சின் கனால் து மிடி கால்வாயில் வாடகைப் படகு ஓட்ட உரிமம் வேண்டாம் என்று எழுதியிருந்தேன். லாக்கில், அதாவது நீர்மட்டத்தை ஏற்றி இறக்கிப் படகைக் கடத்தும் கதவுள்ள தொட்டியில், கயிற்றை எப்படிப் பிடிப்பது என்று கேட்டீர்கள். போய்வந்துவிட்டேன், சொல்கிறேன்.

இறுக்கிக் கட்டவே கட்டாதீர்கள். கரையிலுள்ள குட்டைத் தூணில் ஒரு சுற்று, நுனி கையில். ஏறும்போது கதவின் ஷட்டர் திறந்ததும் தண்ணீர் நுரைத்துப் பாயும், படகு முன்னும் பின்னும் இழுக்கும். தொய்வு விழ விழ இழுத்துக்கொண்டே இருங்கள். இறங்கும்போது விட்டுக்கொண்டே வாருங்கள். அப்போது கட்டிவைத்தால் தண்ணீர் இறங்கிவிடும், படகு கயிற்றில் தொங்கும். உயிருக்கே ஆபத்து.

லாக் சுவர் முட்டை வடிவில் வளைந்திருப்பது மண்ணின் அழுத்தத்தைத் தாங்க. 1681-இல் திறந்த கால்வாய்க்கு, அதைக் கட்டிய ரிக்கே செய்த அருமையான ஏற்பாடு! ஆனால் படகுக்கும் சுவருக்கும் இடைவெளி விழும். நீளமான கயிறு கேட்டு வாங்குங்கள்.

பெசியே நகரின் ஃபோன்செரான் அடுக்கு லாக்குகளில் ஏற ஒரு நேரம், இறங்க ஒரு நேரம். முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்.