'உணர்நீக்கி' வேண்டாம், 'பற்றுணரி' எனலாம்

அன்பர்களுக்கு வணக்கம்.

நீரில் கரைந்த பாதரச அயனியைச் சந்தித்ததும் ஒளிரும் மூலக்கூறுக்கு முன்மொழியப்பட்டுள்ள 'உடனொளிர் வேதியுணரி' (fluorescent chemosensor) என்ற சொல்லை முழுமனத்தோடு ஏற்கிறேன். தூண்டும் ஒளியை நிறுத்தியவுடன் இவ்வொளிர்வும் நின்றுவிடுவதால், தூண்டல் நின்ற பின்னும் தொடரும் நின்றொளிர்வினின்று வேறுபடுத்த 'உடன்' என்னும் முன்னொட்டு அவசியம்.

ஆனால், பாதரசத்தைக் காட்டுவதோடு அதைப் பிரித்தெடுக்கவும் உதவும் பொருளுக்கு முன்மொழியப்பட்ட, உணர்ந்து நீக்குவது எனப் பொருள்படும் 'உணர்நீக்கி' பொருந்தாது. சிலிக்கா மணிகளின்மேல் பிணைத்த, கந்தகம் உடைய ரோடமைன் என்ற சாயச் சேர்மத்தைப் பாருங்கள். அதன் மூலக்கூற்றில் உள்ள ஒரு வளையம் மூடியிருக்கும்வரை மணிகளுக்கு நிறமில்லை; பாதரச அயனி கந்தகத்தைப் பற்றியதும் வளையம் திறந்து, மணிகள் இளஞ்சிவப்பாகி, தூண்டும் விளக்கொளியில் செம்மஞ்சளாக ஒளிர்கின்றன. பாதரசத்தையும் கந்தகத்தையும் சேர்த்தரைத்த நம் சித்த மருத்துவர்கள் நன்கறிந்த நாட்டம்தான் இது. மணிகளை வடிகட்டி எடுத்த பிறகே நீரிலிருந்து பாதரசம் நீங்குகிறது. அதுவரை அது மணியில் பற்றியபடி நீருக்குள்ளேயே கிடக்கிறது.

இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருப்பவர்களுக்கு இந்த வேறுபாடு பெரிது. நகருக்கு அருகே கேட்டோ ரிட்ஜ் என்ற ஊரில் இருந்த ஆலைக்கு வெளிநாடுகளிலிருந்து வந்த பாதரசக் கழிவு அருகிலுள்ள ஓடையை நஞ்சாக்கியது. 1990களில் அங்கு வேலை செய்த தொழிலாளர்கள் சிலர் பாதரச நஞ்சால் உயிரிழந்தார்கள். அந்த ஓடை சேரும் உம்கேனி ஆற்றிலிருந்துதான் எங்கள் நகருக்குக் குடிநீர் வருகிறது. மணியைப் போட்டதும் நஞ்சு நீங்கிவிடும் என்று ஒரு சொல் நம்பவைக்கக் கூடாது. மேலும், தமிழை வகுப்பில் கற்று வேதியியலை ஆங்கிலத்தில் படிக்கும் எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லே செயலைக் காட்ட வேண்டும்.

ஆகவே 'பற்றுணரி' என்பதை முன்வைக்கிறேன். பற்றை உணர்வது என்று சிலர் பிரிக்கக்கூடும். பற்றுகின்ற உணரி என வினைத்தொகையாகக் கொண்டால் குழப்பமில்லை.

இன்னொன்று: பாதரசத்தைச் சந்தித்ததும் தம் கந்தகத்தையே இழந்து, பழைய நிலைக்குத் திரும்பாத மூலக்கூறுகளும் உண்டு. லிட்டருக்கு 6 மைக்ரோகிராம் என்ற உலக நலவாழ்வு அமைப்பின் குடிநீர் வழிகாட்டு அளவை ஒட்டிச் சோதிக்க இவையும் உதவலாம். ஆனால் ஒருமுறையே பயன்படும். மீளக்கூடியதற்கு மட்டும் 'உணரி' என்று வைத்துக்கொண்டு, மீளாததை 'வேதியளவி' (chemodosimeter) என்று பிரிப்பதே சரி என்பது என் கருத்து. இதைவிடப் பொருத்தமான சொல் இருந்தால் தெரிவியுங்கள்.