7.5% ஒதுக்கீட்டால் நோயாளிக்கு என்ன லாபம்?

கல்லிடைக்காரன்:
தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5% உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. முதல் ஆண்டிலேயே 300-க்கும் மேற்பட்ட எம்.பி.பி.எஸ். இடங்கள். அந்தப் பிள்ளைகளுக்கு நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் இதனால் மலைக்கிராமத்து நோயாளிக்கும் சமமான வைத்தியம் கிடைத்துவிடும் என்கிறார்களே, அது எப்படி? அங்கே போய் வேலை பார்த்தாக வேண்டும் என்று அந்தச் சட்டத்தில் இல்லையே.

வாசு:
டாக்டர் இருந்தால் மட்டும் போதுமா சார்? அவரிடம் வாய் திறந்து பேச வேண்டாமா? அமெரிக்காவில் ஓக்லாந்து நகரத்தில் கறுப்பின ஆண்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். கறுப்பின மருத்துவரிடம் பேசியவர்கள் சர்க்கரை, கொழுப்புக்கான ரத்தப் பரிசோதனைக்கு அதிகமாகச் சம்மதித்தார்கள். சொல்வது நம்ம ஆள் என்றால் ஊசிக்குக் கை நீட்டுகிறோம்.

கல்லிடைக்காரன்:
அங்கே நிறம் கண்ணுக்குத் தெரியும். டாக்டர் எந்தப் பள்ளியில் படித்தார் என்று நெற்றியிலா எழுதியிருக்கிறது?

வாசு:
நெற்றியில் வேண்டாம், பேச்சில் தெரியும். நூறு நாள் வேலைக்குப் போகிற அம்மாவிடம் “ரெஸ்ட் எடுங்க” என்று சொல்லி அனுப்பமாட்டார்.

பி.எச்.சி. டாக்டர்:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். நான் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தது சேவை மனப்பான்மையால் இல்லை. எம்.டி. மேற்படிப்புக்கு இடம் கிடைக்கும் என்றுதான் வந்தேன், என்னோடு சேர்ந்தவர்களில் பலரும் அப்படியே. மேற்படிப்பில் அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கு 50% இட ஒதுக்கீடு இருந்தது. 2017-இல் மத்திய விதியைக் காட்டி அது போனது. அப்படி ஒதுக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொன்னது. படித்து முடித்தபின் கிராமம், மலைப் பகுதிகளில் சில ஆண்டுகள் வேலை செய்யப் பத்திரம் எழுதி வாங்கவும் சொன்னது. ஆளைக் கிராமத்தில் நிறுத்தி வைப்பது இதுதான்.

கல்லிடைக்காரன்:
அதைத்தானே நானும் கேட்கிறேன். 7.5%-இல் சேருகிறவர்களிடமும் அதேபோல எழுதி வாங்கிவிட்டால் பிரச்சினை முடிந்தது.

வாசு:
பொதுப்பிரிவில் சேர்ந்த வசதியான வீட்டுப் பிள்ளையும் அரசுக் கல்லூரியில் மக்கள் வரிப்பணத்தில்தான் படிக்கிறது. அது நேராக அமெரிக்கா போகலாம், சலவைத் தொழிலாளி மகள் மட்டும் மலையேற வேண்டுமா? வாங்குவதென்றால் எல்லோரிடமும் வாங்குங்கள், முதல் கையெழுத்தை நான் போடுகிறேன்.

பி.எச்.சி. டாக்டர்:
எல்லோரிடமும் வாங்குங்கள். அப்புறம் மலையில் ஒரு குவார்ட்டர்ஸும் கட்டிக் கொடுங்கள்.